தோற்ற மறுநாள் வாக்காளரைத் திட்டாதீர்கள்

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு. அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் தொகுதியில் பாஜக தோற்றது. சமாஜ்வாதி கட்சியின் அவதேஷ் பிரசாத் 54,567 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

மறுநாள் சமூக ஊடகங்களில் அந்த ஊர் மக்களுக்கு விழுந்த வசவுகளைப் படித்து மனம் கொதித்தது. துரோகிகள் என்றார்கள். அங்கே கடைகளில் எதுவும் வாங்காதீர்கள் என்றார்கள். சாலை விரிவாக்கத்தில் கடையையும் வீட்டையும் இழந்தவர்கள் வாழும் ஊர் அது. திட்டியவர்கள் யாரும், ஏன் இப்படி வாக்களித்தீர்கள் என்று கேட்கவே இல்லை.

நம் பக்கமும் இதே கதைதான். பிடித்த கட்சி தோற்றால், "காசு வாங்கிட்டு ஓட்டுப் போட்ட கூட்டம்" என்று எழுதிவிடுகிறோம். ஏப்ரல் வெயிலில் வரிசையில் நின்ற நூறு நாள் வேலைக்காரப் பெண்ணும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அவருக்கும் யோசனை உண்டு, கணக்கு உண்டு, கோபம் உண்டு.

கட்சிகளை விமர்சிப்போம். தேர்தல் ஆணையத்தைக் கேள்வி கேட்போம். மக்களை மட்டும் இழிவுபடுத்த வேண்டாம். யாருக்கும் விளக்கம் சொல்லாமல் வாக்களிக்கத்தான் அந்த ஓட்டை ரகசியமாக வைத்திருக்கிறோம்.