நாலு சாலைச் சந்திப்பு

மனத்தைப் பற்றிப் பேச வந்தவன் சாலையைப் பற்றி ஆரம்பிக்கிறானே என்று எண்ணாதீர்கள், நேயர்களே. காரணம் இருக்கிறது.

ஓசூரிலிருந்து போகும் சாலைக்குப் பெங்களூரில் 'ஓசூர் ரோடு' என்றே பெயர். அந்தச் சாலையில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. மைசூர் அரசு மனநல ஆஸ்பத்திரியும் அகில இந்திய மனநல நிலையமும் 1974-ல் ஒன்றாகி உருவான ஸ்தாபனம் அது.

ஒருநாள் காலைப் பஸ்ஸில், மகனை அங்கே அழைத்துக்கொண்டு போன ஓர் அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பையன் தொழிற்சாலையில் சேர்ந்து ஒரு வருஷந்தான் ஆயிற்று. யாரும் இல்லாதபோதும் குரல் கேட்கிறதாம். கூட வேலை செய்பவர்கள் தன்னைப் பற்றியே ஜாடை பேசுகிறார்களாம். மந்திரித்துக் கயிறு கட்டியதில் ஆறு மாதம் போய்விட்டது.

"நான் வளர்த்ததுல என்னங்க கொறை?" என்றார் அந்த அம்மாள்.

குறை வளர்ப்பில் இல்லை. மனச்சிதைவு நோய் உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலும் இளவயதில், முதல் சம்பளம் வாங்கும் பருவத்திலேயே தலைகாட்டுகிறது. ஸ்விட்சர்லாந்து டாக்டர் பிளாய்லர் 1908-ல் இதற்கு 'ஸ்கிஸோஃப்ரீனியா' என்று பெயரிட்டார். பிளவுண்ட மனம் என்று பொருள். ஒரே ஆள் இரண்டு ஆளாக மாறுவது என்று சினிமா பார்த்து எண்ணிவிடாதீர்கள். எண்ணம், உணர்ச்சி, புலனறிவு ஆகியவற்றுக்குள் இருக்கும் இணக்கம் தளர்வதையே அவர் குறித்தார்.

அந்த இணக்கம் எங்கே தளர்கிறது? இங்கேதான் சாலை வருகிறது. ஏதோ ஒரு கிராமத்துப் பாதையில் லாரி கவிழ்ந்தால் அந்த ஊருக்கு மட்டுந்தான் கஷ்டம். சென்னை, பெங்களூர், சேலம், திண்டிவனம் சாலைகள் கூடும் கிருஷ்ணகிரியில் சிக்கல் என்றால்? நாலு திசையும் ஸ்தம்பித்துவிடும் அல்லவா?

மூளையிலும் இத்தகைய சந்திப்புகள் உண்டு. எந்தெந்தப் பகுதிகள் ஒன்றாக ஏறி இறங்கி இயங்குகின்றன என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டுகிறது. மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்தச் சந்திப்புகளின் தொடர்புகள் மாறியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வேலையில் கவனம் செலுத்தும்போது, தன்னைப் பற்றிய யோசனைக்கான வலை ஒதுங்கி வழிவிட வேண்டும். இவர்கள் பலரிடம் அது சரியாக ஒதுங்குவதில்லை. எது முக்கியம், எது அற்பம் என்று பொறுக்கும் வலையும் தடுமாறுகிறது. அப்போது யாரோ இருமினால்கூடத் தனக்கு விட்ட சமிக்ஞையாகத் தோன்றுவதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் இவை பலரை ஒப்பிட்டுக் கண்ட சராசரி வித்தியாசங்கள். ஒருவரை ஸ்கேன் எடுத்து 'இந்த நோய்தான்' என்று சொல்லிவிட முடியாது. அதற்கு டாக்டர் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

மருந்து பலருக்குக் குரல்களை அடக்குகிறது. அதோடு குடும்பத்தின் பொறுமையும், மறுபடி ஒரு வேலையும் வேண்டும். இதற்காகவே டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிலையத்தைத் தொடங்கினார். வீட்டிலிருந்தே ஆலோசனை கேட்க 2022 முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

கயிறு கட்டுவதானால் கட்டிக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரவில்லை. ஆனால் அதற்காக ஆறு மாதத்தைக் கொடுத்துவிடாதீர்கள். சிகிச்சை தாமதமாகத் தாமதமாக, குணம் காண்பதும் கடினமாகிறது. கயிறு கட்டிய அன்றே பஸ்ஸும் ஏறிவிடுங்கள்!