கௌரியைத் தேடினால் கிடைக்க வேண்டும்

முதல் புத்தகத்தைக் கிண்டிலில் போட வழி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கதையில் கௌரி என்று யாராவது இருக்கிறாளா என்பதுதான். ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பொங்கோல் வட்டார நூலகத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் காட்டினால் புரிந்துவிடும். ‘கௌ’வுக்குக் ககரமும் ஔகாரக் குறியும் போதும். பலர் ‘கெ’ தட்டிப் பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அவள் கெ-ள-ரி. வாசகர் கௌரி என்று தேடினால் அகப்படமாட்டாள். நூலின் பெயரிலேயே இப்படி நேர்ந்தால் புத்தகமே அகப்படாது. ஔவையாருக்கும் இதே கதிதான்.

பழைய அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக்கியவர்களுக்கு வேறு தொல்லை: எகரம் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு (௭) வந்து குந்தியிருக்கும், உகரத்தின் இடத்தில் இரண்டு (௨). பழைய பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றினாலும் வரி வரியாகப் படித்தே ஆக வேண்டும். 1887இல் இதே சிங்கப்பூரில் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கைநகர் அந்தாதி’ அச்சானபோது, தாளில் சரியாகத் தெரிந்தால் போதுமாயிருந்தது. இன்று கண்ணுக்குத் தெரியாத பிழைதான் ஆளைக் கவிழ்க்கிறது. இணையத்தில் தமிழ் எழுத்தைக் கொண்டுவரப் பாடுபட்ட நா. கோவிந்தசாமி வாழ்ந்த ஊர், 1997இல் தமிழ் இணைய மாநாடு நடந்த ஊர். இங்கிருந்து வரும் புத்தகத்தில் எழுத்து சுத்தமாக இருக்க வேண்டாமா?

பதிவேற்றம் ஒரு மாலை வேலை. 2016 இறுதியிலிருந்து கிண்டில் தமிழ் மின்னூல்களை ஏற்கிறது. வேர்டு கோப்பே போதும். அட்டைப்படம் 2560க்கு 1600 பிக்சல் இருந்தால் நல்லது. மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை. 978-981 என்று தொடங்கும் சிங்கப்பூர் எண்தான் வேண்டும் என்றால் தேசிய நூலக வாரியத்திடம் கேட்கலாம். எண் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இங்கே வெளியிட்டு விற்கும் நூலை வாரியத்திடம் ஒப்படைப்பது சட்டம்: அச்சு நூல் என்றால் 2 பிரதி, மின்னூல் என்றால் 1.

காசு விஷயம். உரிமைத்தொகை 35 விழுக்காடா 70ஆ என்று கேட்பார்கள். 70 என்றதும் கை தானாக அங்கே போகும். ஆனால் இந்தியாவில் விற்கும் பிரதிகளுக்கு 70 வேண்டுமானால், 90 நாள் வேறெங்கும் மின்னூலாகத் தரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டு கிண்டிலின் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் கிடையாது. ஆகவே அமெரிக்க விற்பனையில் நமக்குச் சேர வேண்டியதிலிருந்து 30 விழுக்காடு அங்கேயே பிடித்துக்கொள்வார்கள்.

‘பப்ளிஷ்’ பொத்தானைத் தொடுவதற்கு முன் கோப்பைக் கைப்பேசியில் ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, எல்ஆர்டியில் நின்றுகொண்டு படித்துப் பாருங்கள். வாசகர்கள் பெரும்பாலும் அப்படித்தான் படிக்கப்போகிறார்கள். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரே சொல் ஒரு வரியையே அடைத்துக்கொள்ளும். மேல்வரி இரண்டு சொல்லோடு பல்லிளித்து நிற்கும். அங்கே பிரித்து எழுதுவதில் தப்பில்லை. இலக்கணப் புலிகள் என்னை மன்னிக்கட்டும்.

வெளியிட்ட பிறகும் திருத்திய கோப்பை ஏற்றலாம். ஆனால் ஏற்கெனவே வாங்கியவர் கருவியில் அது தானாக மாறிவிடாது. முதல் வாரமே ஆசையாக வாங்குகிற சித்தப்பாவும் பள்ளித் தோழிகளும்தான் பழைய பிழைகளை வைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.