தீவுப் பயணம்

கரிபியக் கடலிலுள்ள குவாதலூப்புத் தீவிற்குக் குடும்பத்தோடு சென்றுவரப் புதுவையில் வாழும் யாங்கள் எண்ணினோம். ஆங்கு ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். ஆதலின் டிசம்பர் இறுதியே தக்கதெனத் துணிந்தோம். பேரன் 1,467 மீட்டர் உயர்ந்த சூபிரியேர் எரிமலையில் ஏற வேண்டுமென்றான். மருமகள் கடற்கரையே போதும் என்றாள்.

என் வேட்கை வேறு. 1854 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிச் சென்ற தமிழர்தம் வழித்தோன்றல்கள் அத்தீவில் உளர். கப்பெஸ்தேர் என்னும் ஊர்ப்புறத்தே அவர்தம் கோயிலும் உண்டு. வழிபாட்டுப் பாடல்களில் இன்றும் தமிழ் ஒலிக்கின்றது. அன்றாடப் பேச்சிலோ அது மறைந்தது. மாணவர்களே, 35 ஆண்டுகள் தமிழ் கற்பித்த யான் அவரோடு எம்மொழியிற் பேசுவேன்? பயணத்தையே கைவிடலாமோ என்றும் எண்ணினேன்.

இப்பொழுது மாலைதோறும் பேர்த்தி எனக்குப் பிரெஞ்சு கற்பிக்கின்றாள். பிழை செய்தால், யான் மாணவரைக் கடிந்தவாறே கடிகின்றாள்.