வெளிச்சம் யார் மேல் விழுகிறது?

இளநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று பள்ளியிலே படித்தோம். அது எல்லோர் முகத்திலும் சமமாக விழுகிறதா என்ற கேள்வி எந்தப் பாடநூலிலும் இல்லை. அந்தக் கேள்வி எனக்குக் கிடைத்த இடம், சென்ற ஆண்டுக் கல்லூரி விழாவின் ஒத்திகை மேடை.

நாங்கள் எட்டுப் பெண்கள் குழு நடனம் ஆடுவதாக ஏற்பாடு. தேர்ந்தெடுத்த பாடல் ‘என்ஜாய் எஞ்சாமி’. வரிசை அமைத்த அக்கா, என்னையும் இன்னொரு தோழியையும் பார்த்து, “நீங்க ரெண்டு பேரும் பின்னாடி நில்லுங்கம்மா. போட்டோவிலே முகம் தெரியாது” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை; அன்பாகத்தான் சொன்னார். நானும் மறுபேச்சின்றிப் போய் நின்றேன். அழவில்லை. ‘அவர் சொல்வது சரிதானே’ என்றே நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் இன்று என்னை வருத்துகிறது.

அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? விடுதியில் இரவு உணவுக்குப் பின் ஒரே கைப்பேசியைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து பாட்டுப் பார்ப்போம். எந்த மொழிப் பாட்டானாலும் முன்னால் நிற்பவரின் நிறம் ஒன்று, பின்னால் ஆடுபவரின் நிறம் வேறொன்று என்பது எங்கள் கண்ணுக்குப் பழகிவிட்டது. பழகிய பொய், உண்மை போலவே தோன்றும் அல்லவா? அதன் வேரைத் தேடிப் படிக்கலானேன்.

இசைக் காணொளிகளுக்கென்றே அமெரிக்காவில் ‘எம்.டி.வி.’ என்னும் தொலைக்காட்சி 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிற்று. தொடக்க ஆண்டுகளில் அதில் தோன்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையரே. ரிக் ஜேம்ஸ் போன்ற கறுப்பினப் பாடகர்கள் வெளிப்படையாகவே குறை கூறினர். 1983இல் இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி, அத்தொலைக்காட்சிக்கே பேட்டி கொடுக்க வந்தவர், கறுப்பினக் கலைஞர்களை ஏன் இவ்வளவு குறைவாகக் காட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். சிறிய ஊர்களில் இருப்பவர்கள் மிரண்டு போவார்கள் என்ற பொருள்பட விடை வந்தது. அதே ஆண்டில்தான் மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ அதில் இடம் பெற்றது. ஆண்டின் இறுதியில், ஏறத்தாழ 14 நிமிடம் ஓடும் ‘த்ரில்லர்’ வந்தது. மிரளுவார்கள் என்று சொல்லப்பட்ட மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்கள். ‘பார்ப்பவர் விரும்பமாட்டார்’ என்பதும் ‘போட்டோவில் தெரியாது’ என்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே!

பெண்ணின் கதையும் இப்படித்தான். 1986இல் வந்த ராபர்ட் பாமரின் ‘அடிக்டட் டு லவ்’ காணொளியில் அவர் முன்னே நின்று பாடுகிறார். பின்னே ஒரே மாதிரிக் கறுப்பு உடை, ஒரே மாதிரி ஒப்பனையுடன் பெண்கள் இசைக்கருவிகளோடு நிற்கிறார்கள். அவர்கள் வாசிப்பவர்கள் அல்லர், விளம்பர அழகிகள். 1999இல் கனடா நாட்டுப் பாடகி ஷனாயா ட்வைன் இதைத் தலைகீழாக்கினார். அவர் முன்னே பாட, ஒரே மாதிரி உடையணிந்த ஆண்கள் கருவிகளோடு பின்னே நின்றார்கள். அதைப் பார்த்து விடுதியே சிரித்தது. ஆண்களை நிறுத்தினால் வரும் சிரிப்பு, பெண்களை நிறுத்தியபோது ஏன் வரவில்லை?

‘போட்டோவில் தெரியாது’ என்பதையும் இயற்பியல் மாணவியாக எண்ணிப் பார்த்தேன். படச்சுருள் காலத்தில் வண்ணம் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் இருந்தது. ‘ஷர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. இன்றைய கேமராவும் காட்சி முழுவதையும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளைத் திரைக்கு முன்னால் கரிய முகம் நின்றால், திரையின் வெளிச்சத்தைப் பார்த்துக் கருவி தன் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும், முகம் இருண்டுவிடும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டினால் அதே முகம் தெளிவாக வரும். ஆக, குறை தோலில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது.

நாங்கள் ஆடிய பாட்டின் கதையைக் கேளுங்கள். தீயும் அறிவும் பாடி 2021 மார்ச்சில் வெளிவந்தது அது. நிலமில்லாத உழைப்பாளிகளின் பாட்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அவர் வாழ்வே பாட்டுக்கு வித்து. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகு, அறிவின் படத்தோடு இணைய அட்டை ஒன்று வந்தது. அந்தப் பாட்டுக்குத்தான் நான், கறுப்பு என்பதற்காகப் பின்வரிசையில் ஆடினேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விழா முடிந்த இரவு, என் படத்தைக் கைப்பேசியிலேயே வெளுக்கச் செய்து ஊருக்கு அனுப்பினேன். தம்பி அதை அம்மாவிடம் காட்டியிருக்கிறான். மறுநாள் அம்மா பேசும்போது கேட்டது: “நல்லாத்தான் இருக்கு. யாரு பாப்பா அது, உன்கூடப் படிக்கிற புள்ளையா?”

என் அம்மா நாற்று நடுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வெயிலில் குனிந்து அவர் சேர்த்த கூலியில்தான் என் விடுதிக் கட்டணம் கட்டப்பட்டது. அவர் எனக்குத் தந்த நிறத்தை நானே அழித்து அவருக்கே அனுப்பியிருக்கிறேன்! அக்காவின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பினார். நானோ என்னைப் படத்திலிருந்தே அனுப்பிவிட்டேன்.

தோழியரே, இவ்வாண்டு விழாவும் நெருங்குகிறது. வரிசையை உயரப்படி அமைப்போம். படமெடுக்க வருபவரிடம், வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள் அண்ணா என்று முன்னதாகவே சொல்லிவைப்போம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

உயரப்படி நின்றால் எனக்கு முன்வரிசைதான். நான் குள்ளம்.