நாற்பதாம் நம்பர் நூலும் அதன் விலகலும்

நூற்பாலை லேபில் கவுண்ட் பார்ப்பது ரேப் ரீலில் தொடங்கும். சுற்றளவு ஒன்றரை கஜம். எண்பது சுற்றுக்கு 120 கஜம், ஒரு லீ. அதன் கிராம் எடையால் 64.8-ஐ வகுத்தால் கவுண்ட் வரும். 1.62 கிராம் என்றால் அசல் நாற்பதாம் நம்பர். எடை குறையக் குறையக் கவுண்ட் ஏறும், நூல் மெலியும். புதிதாக வரும் பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான்.

இரண்டு ரிங் ஃப்ரேம்களில் ஐந்தைந்து காப் எடுப்பதாக வையுங்கள். ஒன்றில் கவுண்ட் 40.2, 39.8, 40.0, 40.3, 39.7. மற்றதில் 41.5, 38.6, 40.9, 38.7, 40.3. இரண்டுக்கும் சராசரி 40. விலகல்களை அப்படியே கூட்டினால் ஏறியதும் இறங்கியதும் அடித்துக்கொண்டு பூஜ்ஜியம்தான் மிஞ்சும். எந்த ஃப்ரேமுக்கும் அப்படித்தான். அதனால் கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டு, நாற்பதிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை மட்டும் எடுத்துச் சராசரி போடுவேன். முதலாவதுக்கு 0.2, இரண்டாவதுக்கு 1.08. அந்த இரண்டாவது நூலைப் பனியன் துணியாக ஓட்டினால் கோடு கோடாக விழும். சாயம் ஏறியதும் இன்னும் பளிச்சென்று தெரியும்.

உஸ்டர் மெஷினின் யு பர்சென்ட்டும் இதே கணக்குதான். நூலை மின்தேக்கித் தகடுகளுக்கு நடுவே ஓடவிட்டு, அங்குலத்துக்கு அங்குலம் மாறும் கனத்தின் சராசரி விலகலைச் சதவீதமாகச் சொல்கிறது. இப்போது திட்ட விலகலைச் சராசரியின் சதவீதமாகச் சொல்லும் சிவியைத்தான் கேட்கிறார்கள். இயல்புப் பரவல் என்றால் அது யுவைப்போல் சுமார் 1.25 மடங்கு. ஃப்ரேம் அருகே நின்று துண்டுக் காகிதத்தில் போட எனக்கு யு வழிதான் தோது.

சராசரி தள்ளினால் வைத்தியம் சுலபம்: இழுவைப் பல்சக்கரமான பினியனை மாற்றினால் ஃப்ரேம் மொத்தமும் நகரும். விலகலுக்கு அது உதவாது. தேய்ந்த டாப் ரோலர், ஏப்ரன், அதற்கும் முந்தைய இயந்திரங்களான சிம்ப்ளெக்ஸ், டிராயிங் வரை போய்த் தேட வேண்டும்.

"சார், நேத்தைவிட அரை கவுண்ட் கம்மி, பினியன் மாத்திடலாமா?" என்று ஷிஃப்ட்டில் கேட்பார்கள். விலகல் எவ்வளவு என்பேன். 0.2 உள்ள ஃப்ரேமில் அந்த அரை, விலகலைப்போல் இரண்டரை மடங்கு. நேற்றைய லீக்களும் இன்றையவையும் பெரும்பாலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்; தாராளமாக மாற்றலாம். 1.08 உள்ளதில் அதே அரை, விலகலில் பாதிகூட இல்லை. அங்கே பினியனைத் தொட விடமாட்டேன். இன்னும் இருபது லீ சுற்றச் சொல்லிவிட்டு, சிம்ப்ளெக்ஸ் பக்கம் போவேன்.