கதவைத் தட்டும் கை

முதுமையின் பெருந்துயரம் எது? நோய் என்பார் சிலர். வறுமை என்பார் சிலர். தம் வீட்டுக் கதவைத் தட்ட ஒருவரும் இல்லாமற் போவதே பெருந்துயரம் என்பது என் எண்ணம். அவ்வெண்ணத்தை என்னுள் உறுதிப்படுத்தியது ஒரு நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் என்றால் நீங்கள் வியக்கக்கூடும்.

'ஸ்டில் கேம்' என்பது அதன் பெயர். 'இன்னும் நாங்கள் தயார்தான்' என்று பொருள் கொள்ளலாம். பிபிசி நிறுவனம் 2002 முதல் 2007 வரையிலும், மீண்டும் 2016 முதல் 2019 வரையிலும் இதனை ஒளிபரப்பியது. ஃபோர்ட் கீர்னன், கிரெக் ஹெம்ப்ஹில் என்னும் இருவர் இதனை எழுதி, தாங்களே ஜாக், விக்டர் என்னும் கிழவர்களாக நடித்தனர். தொடர் தொடங்கிய ஆண்டில் ஒருவருக்கு வயது 40, மற்றவருக்கு 32! கல்லூரியில் ஆங்கிலம் பயின்ற எனக்கே ஸ்காட்லாந்தியப் பேச்சு வழக்கு எளிதில் பிடிபடவில்லை. திரையின் கீழ் ஓடும் எழுத்துகளைப் படித்தே தொடர்ந்தேன்.

கதை நிகழும் கிரெய்க்லாங் கற்பனை ஊர். ஆனால் அதன் பின்னணி உண்மையானது. கிளாஸ்கோ நகரில் 1950களிலிருந்து நெரிசல் மிகுந்த பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. மக்கள் நகரின் ஓரங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் அனுப்பப்பட்டனர். தண்ணீரும் கழிவறையும் வீட்டுக்குள்ளேயே வந்தன; ஆனால் தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய அண்டை வீட்டார் எங்கெங்கோ சிதறிப் போயினர்.

அத்தகைய அடுக்குமாடி ஒன்றில்தான் விக்டர் வசிக்கிறார். முதல் பகுதியில், தம் வீட்டருகே நிகழும் ஓயாத கூச்சலைத் தாங்க மாட்டாமல், ஜாக் இவருடைய அடுத்த வீட்டுக்குக் குடிவருகிறார். இருவரும் மனைவியை இழந்தவர்கள். ஒருவர் மகள் கனடாவில். மற்றவர் மகன் தென்னாப்பிரிக்காவில். பிள்ளைகள் கடல் கடந்து வாழும் வீடுகளின் அமைதியை இதனைப் படிக்கும் உங்களில் பலரும் அறிவீர்கள். அந்த அமைதியை இவ்விரு நண்பர்களும் ஒருவர் கதவை ஒருவர் தட்டியே வெல்கின்றனர்.

இவர்களைச் சுற்றி ஒரு சிறு உலகம். கால் ஒன்றை இழந்தும் குறும்பை இழக்காத வின்ஸ்டன். காசைக் கையைவிட்டு விடாத டாம். துணைக்கண்டத்துப் பூர்வீகமுடைய கடைக்காரர் நவீத். எந்நேரமும் கிண்டலோடு பண்டம் விற்கும் நவீதை அவ்வூர் அயலாராகக் கருதுவதில்லை. அவரும் அப்படி நடந்துகொள்வதில்லை.

அக்கடையில் துப்புரவுப் பணி செய்யும் ஐசா, ஊர்க்கதை அனைத்தையும் அறிந்தவர். கோள் சொல்வதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லோரையும் அறிந்த ஒருவர் இருக்குமிடத்தில், எவரும் யாருக்கும் தெரியாமல் காணாமற் போய்விட முடியாது. பிறர் குறையைத் தேடாமல் பிறர் நலத்தை மட்டும் விசாரிக்கும் ஐசாக்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தால் எத்துணை நன்று!

இத்தொடரில் மதுக்கடை ஒரு முக்கியக் களம். கொச்சைச் சொற்களும் மிகுதி. ஆகவே குடும்பத்தோடு பாருங்கள் என்று நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அதன் உட்கருத்து எவ்வளவு பேரைத் தொட்டிருக்கிறது! 2014இல் கிளாஸ்கோவின் ஹைட்ரோ அரங்கில் 21 முறை நாடகமாக நடத்தப்பட்டபோது, சுமார் இரண்டு லட்சம் பேர் கண்டனர். பல இளைஞர்களும் இக்கிழவர்களின் வசனங்களை மனப்பாடமாய்ச் சொல்வார்கள். 2019 மார்ச்சில் ஒளிபரப்பான இறுதிப் பகுதியில், பாத்திரங்கள் ஒவ்வொருவராய்த் திரையிலிருந்து மறைகின்றனர். அதுவரை சிரிக்க வைத்தவர்கள் அங்கே நெஞ்சைக் கனக்கச் செய்துவிடுகின்றனர்.

தனிமையைக் கவனிப்பதற்கென்றே பிரிட்டிஷ் அரசு 2018இல் ஓர் அமைச்சருக்குப் பொறுப்பளித்தது. வேண்டிய செயல்தான். ஆனால் ஓய்வூதியத்தை அரசு வீடு தேடி அனுப்பலாம். நண்பனை எப்படி அனுப்பும்? 'தேநீர் போடட்டுமா?' என்று கேட்க அடுத்த வீட்டுக்காரர்தான் வரவேண்டும்.

வாசகர்களே! உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுள் ஒருவர் இரண்டு நாட்கள் வெளியே வராவிட்டால் முதலில் அறியப்போவது யார்? விடை தெரியவில்லையெனில், அந்தக் கதவைத் தட்ட வேண்டியது நீங்களும் நானும்தான்.