பின்மண்டை முடி மட்டும் ஏன் கொட்டல?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்த ஹாஸ்டல்ல கேட்டாலும் முடி கொட்டுறதுக்கு ஒரே காரணம்தான் சொல்லுவாங்க: தண்ணி. வாளி ஓரமெல்லாம் வெள்ளையா படிவு, சோப்பு போட்டா நுரை வராது, தலை துவட்டினா துண்டு முழுக்க முடி. ஒரு காலத்துல கடலா இருந்த பூமி இது. அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான் அரியலூரைச் சுத்தி இத்தனை சிமெண்ட் ஆலை. போர் தண்ணி உப்பா இருக்குறது உண்மைதான். முடி சொரசொரப்பா ஆகலாம், பாதியில உடையவும் உடையலாம். ஆனா ஒண்ணு யோசிங்க. ஒரே மக்குல ஊத்துற தண்ணி நெத்தியை மட்டும் பதம் பார்த்துட்டு, பின்மண்டையை விட்டுட்டுப் போகுமா?

நெத்தியில ரெண்டு பக்கமும் ஏறுது, உச்சியில வட்டம் விழுது, காதோரமும் பின்னாடியும் மட்டும் அடர்த்தியா இருக்குன்னா, பெரும்பாலும் அது டி.ஹெச்.டி. என்ற ஹார்மோனோட வேலை. டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற என்சைம் டி.ஹெச்.டி.யா மாத்துது. பரம்பரையா அதைத் தாங்க முடியாத முடிவேர்கள் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி, நல்ல முடிக்குப் பதிலா பூனைமுடி விட ஆரம்பிக்கும். பின்மண்டை வேர்களுக்கு அந்தப் பலவீனம் கிடையாது.

இப்ப இதை எழுதக் காரணம், எங்க ப்ளாக்குல மாத்திரை பரவிக்கிட்டு இருக்கு. சீனியர் சாப்பிடுற அட்டையை ஃபோட்டோ எடுத்துட்டுப் போய் மெடிக்கல்ல காட்டுறாங்க. சீட்டு கேக்காமலே கைக்கு வந்துடுது. ஒருத்தன்கிட்ட ஃபினாஸ்டிரைடு, இன்னொருத்தன்கிட்ட டூட்டாஸ்டிரைடு. "இதுதான் ஸ்ட்ராங்கு மச்சான்" என்பதுதான் அவனோட மொத்த ஆராய்ச்சி. எனக்கும் அப்பா மாதிரியே 19 வயசுல நெத்தி ஏற ஆரம்பிச்சதால, இந்த மருந்துகளைப் பத்தி உட்கார்ந்து படிச்சேன்.

ஃபினாஸ்டிரைடு பிறந்த கதை சுவாரசியமானது. டொமினிக்கன் குடியரசுல சில குடும்பங்கள்ல அந்த 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாட்டோட பிறந்த ஆண்கள் இருந்தாங்க. 1974-ல அவங்களைப் பத்தின ஆய்வு வெளிவந்தது. பெரியவங்க ஆன பிறகும் அவங்களுக்கு புராஸ்டேட் சின்னதாவே இருந்தது, முன்வழுக்கையும் விழல. அந்த என்சைமை மருந்தால அடக்கினா என்ன என்ற யோசனையில வந்ததுதான் இது. அமெரிக்காவுல முதல்ல 1992-ல புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மி.கி., அப்புறம் 1997-ல வழுக்கைக்கு 1 மி.கி. அதாவது, ஊர்ல தாத்தா சிறுநீர் சரியா போகலைன்னு சாப்பிடுற மாத்திரையும், பேரன் கண்ணாடி முன்னாடி நின்னு முழுங்குற மாத்திரையும் ஒண்ணேதான். அளவுதான் வேற.

டூட்டாஸ்டிரைடு அதோட அண்ணன். அந்த என்சைம்ல ரெண்டு வகை இருக்கு. ஃபினாஸ்டிரைடு முக்கியமா ஒண்ணைத்தான் தடுக்கும், ரத்தத்துல டி.ஹெச்.டி. சுமார் 70% குறையும். டூட்டாஸ்டிரைடு ரெண்டையும் தடுக்கும், 90%-க்கு மேல குறையும். 900 பேருக்கு மேல கலந்துக்கிட்டு 2014-ல வெளியான ஒரு ஆய்வுல, 24 வாரத்துல டூட்டாஸ்டிரைடு 0.5 மி.கி. சாப்பிட்டவங்களுக்கு முடி எண்ணிக்கை கூடுதலா ஏறியிருந்தது. தென்கொரியாவும் ஜப்பானும் வழுக்கைக்கே இதை அனுமதிச்சிருக்கு. அமெரிக்காவுல இன்னும் புராஸ்டேட்டுக்கு மட்டும்தான் அனுமதி.

அப்ப ஸ்ட்ராங்கு சரிதானேன்னு கேப்பீங்க. சரிதான், ஆனா நிறுத்தணும்னு தோணுற அன்னைக்குத்தான் வித்தியாசம் புரியும். ஃபினாஸ்டிரைடு உடம்புல பாதியா குறைய சில மணி நேரம்தான் ஆகும். டூட்டாஸ்டிரைடுக்கு சுமார் 5 வாரம். பக்கவிளைவு ஏதாவது வந்து இன்னைக்கு மாத்திரையைத் தூக்கிப் போட்டாலும், மருந்து மாசக்கணக்குல உள்ளேயே இருக்கும். 20 வயசுல ஒருத்தன் டாக்டரைப் பார்க்காம இதுல ஆரம்பிக்கிறது எனக்குச் சரியாவே படல.

பக்கவிளைவு விஷயத்துல நம்ம பசங்க ரெண்டு கட்சி. "ஆண்மையே போயிடும்"னு ஒரு கட்சி, "எல்லாம் மனசுல"ன்னு இன்னொரு கட்சி. ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. ஆய்வுகள்ல பாலியல் தொடர்பான பிரச்சினை வந்தது 3.8% பேருக்கு. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவங்கள்லயே 2.1% பேருக்கு வந்தது. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகல என்பது இதுல தெரியுது. அதே நேரம், நிறுத்தின பிறகும் சிலருக்குப் பிரச்சினை தொடர்ந்ததா புகார்கள் வந்து, 2012-ல அமெரிக்க லேபிள்ல அதையும் சேர்த்தாங்க. 2025-ல ஐரோப்பிய மருந்து அமைப்பு, தற்கொலை எண்ணம் வருவது இதோட பக்கவிளைவுகள்ல ஒண்ணுன்னு உறுதி செஞ்சுது. பதிவானதுல பெரும்பகுதி முடிக்காக 1 மி.கி. சாப்பிட்டவங்க. அரியர், பிளேஸ்மென்ட்னு ஏற்கெனவே மனசு கனத்துக் கிடக்குற ஒருத்தன் இதைத் தெரியாம முழுங்கக் கூடாது. ஏற்கெனவே டிப்ரஷன் இருந்தா டாக்டர்கிட்ட முதல்ல சொல்ல வேண்டியதே அதுதான்.

மினாக்ஸிடில் வேற ஜாதி. பி.பி. மாத்திரையா வந்தது. சாப்பிட்டவங்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துதான் தலையில தடவுற மருந்தா மாத்துனாங்க. டி.ஹெச்.டி.யை இது தொடவே தொடாது. முதல் சில வாரம் முடி கூடுதலாவே கொட்டும். பாதி பேர் அங்கயே பயந்து பாட்டிலை மூடிடுறாங்க. நாலு மாசமாவது தடவினாத்தான் ஏதாவது தெரியும், விட்டா வளர்ந்ததும் போயிடும். இன்னொண்ணு, பூனைக்கு இது விஷம். நக்கினாலே செத்துப் போகலாம். மெஸ் பூனையைத் தலையணையில தூங்க வைக்கிறவங்க கவனிங்க.

அரசு மருத்துவமனை தோல் பிரிவுல வரிசையில நின்னு காட்டினேன். டாக்டர் முடியை விலக்கிப் பார்த்தாங்க, வீட்டுல யாருக்கு வழுக்கைன்னு கேட்டாங்க, தைராய்டு, ரத்தசோகைக்கு டெஸ்ட் எழுதினாங்க. இப்போதைக்கு மினாக்ஸிடில் 5% மட்டும், மாத்திரையை ஆறு மாசம் கழிச்சுப் பேசலாம்னாங்க. இப்ப மூணாவது மாசம். நெத்தி அப்படியேதான் இருக்கு.

அட்டையைப் பார்த்து வாங்குற பசங்களுக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு, ரத்ததானம். உங்க ரத்தம் கர்ப்பிணிக்குப் போகலாம். வயித்துல இருக்குறது ஆண் குழந்தைன்னா இந்த மாத்திரைகள் அதோட உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால ஃபினாஸ்டிரைடு நிறுத்தி ஒரு மாசம், டூட்டாஸ்டிரைடு நிறுத்தி ஆறு மாசம் ரத்தம் கொடுக்கக் கூடாது. போன என்.எஸ்.எஸ். கேம்ப் அன்னைக்கு காலையில ரூம்ல இதைச் சொன்னேன். டூட்டாஸ்டிரைடு சாப்பிடுறவன் ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் பட்டியல்ல இருந்து தன் பேரை அவனே அடிச்சுட்டு, மதியம் வரைக்கும் ஜூஸ் கொடுக்குற டேபிள்ல நின்னான். ஏன்டா கொடுக்கலன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம் காய்ச்சல்னு சொல்லிக்கிட்டு இருந்தான்.